வள்ளூருக்கு எத்தனை எழுத்து?

1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தால் அறியப்பட்ட வள்ளூருக்கு வ, ள், ளூ, ர் என்று நான்கே எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல்விட்டு எண்ணிவிடும். அதே பெயரை இணையப் படிவத்தில் தட்டினால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் 7 என்கிறது, சர்வரில் பி.எச்.பி.யின் ‘ஸ்டிரிலென்’ 21 என்கிறது.

இரண்டும் எழுத்தை எண்ணவில்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான பகுதியில் இருப்பவை 128 இடங்கள்தாம். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. ‘ள்’ என்றால் ளகரமும் புள்ளியும், ‘ளூ’ என்றால் ளகரமும் ஊகாரக் குறியும். தனி எண் பெற்ற ஒவ்வொன்றும் ஒரு குறி; ஆக 7 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட், மொத்தம் 21.

எண்ணிக்கையோடு போனால் பரவாயில்லை. ஊர்ப்பெயர்க் கட்டத்துக்கு 7 என்று வரம்பு வைத்தால் ‘திருவொற்றியூர்’ கச்சிதமாக அடங்க வேண்டும்; அதற்கும் 7 எழுத்துதான். ஆனால் குறிகள் 14. கட்டத்தில் ‘திருவொற’ என்பது மட்டும் மிஞ்சும். அரசுப் படிவமோ கடைப் பக்கமோ, தன் ஊர்ப்பெயரைத் தமிழில் முழுதாக எழுத எவருக்கும் உரிமை உண்டு. அது பாதியில் வெட்டுப்படுவதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

‘வொ’வில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும்போது மட்டும் ஒன்று மற்றதோடு பொருந்தாது. ‘கொ’வில் தொடங்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இதே கதிதான். பதிவதற்கு முன், இரு வடிவையும் ஒன்றாக்கும் ‘நார்மலைஸ்’ செய்துவிட்டால் இது தீரும். ஒரு வரி வேலை.

எழுத்துப் பிரிப்பையும் ஒவ்வொரு புரோகிராமரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் எழுதி, இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பைதான் லைப்ரரி ‘ஓப்பன்-தமிழ்’. அதன் ‘கெட்_லெட்டர்ஸ்’ ஃபங்ஷனிடம் வள்ளூரைக் கொடுத்தால் நான்கு எழுத்தும் நான்காகவே வரும். உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புது எழுத்து. புள்ளியோ துணைக்குறியோ வந்தால் முந்தையதோடு ஒட்டு. அடிப்படை இவ்வளவுதான். வரிசைப்படுத்துவதிலும் சிக்கல் உண்டு: யூனிகோட் எண்படி அடுக்கினால் பகரத்துக்கு முன்னாலேயே னகரம் வந்து நிற்கும். சொற்களை நம் அகரவரிசைப்படி ஒப்பிடவும் இந்த லைப்ரரியில் வழி உண்டு.

பிரவுசரிலேயே பிரிக்க ‘இன்ட்ல்.செக்மென்ட்டர்’ இருக்கிறது. 2024இல் ஃபயர்பாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்டதால் இப்போது முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. டேட்டாபேஸில் இடம் ஒதுக்கும்போது மட்டும் குறிக் கணக்கை மறக்கக் கூடாது. மையெஸ்க்யூஎல்லில் ‘வார்கேர்’ 7 என்றால் 7 குறிதான்; திருவொற்றியூருக்கு 14 கொடுத்தாக வேண்டும்.