மரக்கவி சுகதகுமாரி



மெர்லிமாவ் வட்டாரத்தில் பிறந்த நமக்கு மரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நிரை நிரையாக நிற்கும் இரப்பரும் செம்பனையுமே. அவை நம் முன்னோர்க்குச் சோறிட்டவை, ஆயினும் காடல்ல. காட்டுக்காகக் குரல்கொடுத்த மலையாளக் கவிஞர் ஒருவரை இவ்வுரையில் அறிமுகம் செய்ய விழைகின்றோம்.

சுகதகுமாரி 1934இல் கேரளத்து ஆறன்முளையில் பிறந்தார். தந்தையார் போதேசுவரன் விடுதலைப் போராட்ட வீரர், கவிஞருங்கூட. மெய்யியலில் முதுகலைப் பட்டம் பெற்ற சுகதகுமாரி, 1970களின் இறுதியில் 'இராத்திரிமழை' நூலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அந்நாளில்தான் பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் பெரும் வழக்காயிற்று. அணை எழுந்தால் சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காடு நீரில் மூழ்கும்.

மின்சாரம் வேண்டும் என்றோரை நாம் பகைவராகக் கருதலாகாது. வடகேரளத்தின் மின்பற்றாக்குறை மெய்யானதே. அதனால்தான் எதிர்த்தோர் ஏளனத்திற்கு ஆளாயினர். சுகதகுமாரியையும் அவருடன் நின்ற எழுத்தாளர்களையும் 'மரக்கவிகள்' என்று எள்ளினர். 'மரம்' என்பது உணர்வற்றவரைச் சுட்டும் வசைச்சொல்லாகத் தமிழிலும் வழங்குவதை நாம் அறிவோம். (நம் வகுப்பறைகளிலும் அது கேட்கின்றதன்றோ?) அவரோ பின்வாங்கவில்லை. இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளராக ஊர்தோறும் பேசினார். மரத்தைப் போற்றி அவர் எழுதிய பாடல் போராட்டக் கூட்டங்களில் ஒலித்தது.

பாட்டு மட்டுமே அணையைத் தடுத்தது என்று கூறுவது மிகை. கேரள சாத்திர சாகித்திய பரிசத்தின் அறிவியலார் திட்டத்தின் பயனையும் இழப்பையும் ஆய்ந்து மக்கள் முன் வைத்தனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் காட்டைக் காக்க வேண்டினார். ஆனால், கணக்கைப் படிக்காத பலரைக் காட்டின்பக்கம் திருப்பியது கவிதையே என்பது எம் கருத்து. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அதன்பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. அட்டப்பாடியின் மொட்டை மலைச்சரிவில் 'கிருட்டிணவனம்' என்னும் காட்டை வளர்க்க முன்னின்றார். ஆதரவற்ற பெண்களுக்காக 1985இல் 'அபயா' இல்லத்தைத் தொடங்கினார். முதுமையிலும், பிறந்த ஊரில் வயலை நிரவி விமானநிலையம் அமைக்கும் முயற்சியை எதிர்த்து நின்றார்.

2020 டிசம்பர் 23இல், கொரோனாத் தொற்றுக்குப்பின் அவர் மறைந்தார். தமக்கு மலர்வளையம் வேண்டா, ஓர் ஆலமரம் நட்டால் போதும் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார்.