பரம்பரையில் இல்லாத வருத்தம் பிள்ளைக்கு எப்படி வந்தது?

"டொக்டர், எங்கட பரம்பரையிலேயே இப்பிடி ஒரு வருத்தம் இல்லை. இவனுக்கு மட்டும் எப்பிடி வந்தது?"

ஸ்காபுரோவில் பிறந்த 16 வயது மகனை அழைத்து வந்த தந்தை ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மகனுக்குப் பல மாதங்களாக வயிற்றோட்டம். மலத்துடன் இரத்தம் போனதை வெட்கத்தினால் மறைத்துவிட்டான். வீட்டிலோ உறைப்பைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அகதியாக வந்தவன்தான். நாம் வளர்ந்த ஊரில் வயிற்றோட்டம் என்றால் பெரும்பாலும் கிருமித் தொற்று. சில நாட்களில் மாறிவிடும். இது அப்படியானதல்ல. 'அல்சரேற்றிவ் கொலைற்றிஸ்' எனப்படும் பெருங்குடல் அழற்சி. குரோன்ஸ் நோயும் இதே வகையைச் சேர்ந்தது.

ஒன்ராறியோவில் குடிவரவாளர்களிடையே நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று 2015இல் வெளியானது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்நோய் குறைவு. ஆனால் எவ்வளவு இளவயதில் வந்தார்களோ, அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. பத்து வயது குறையக் குறைய 14 சதவீதம். தெற்காசியப் பெற்றோருக்கு இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ, ஏனைய கனடியப் பிள்ளைகளுக்கு உள்ள அளவு ஆபத்து இருக்கிறது.

ஒரு தலைமுறைக்குள் பரம்பரை அலகுகள் மாறிவிடுவதில்லை. அப்படியானால் மாறியது எது? உணவு, குடலில் வாழும் பற்றீரியாக்கள், சூழல் ஆகியவை மாறின. இவை பரம்பரை அலகுகளை இயக்கும் 'சுவிச்சு'களைப் பாதிக்கலாம். இதனையே எபிஜெனெற்றிக்ஸ் என்கிறோம். குடல் அழற்சியை இந்தக் கோணத்தில் பார்க்கவேண்டும் என்று ரொறன்ரோவைச் சேர்ந்த ஆய்வாளர் ஆர்ட்டூரஸ் பெற்றோனிஸ் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

டீ.என்.ஏ. ஒரு நூல் என்றால், ஹிஸ்டோன் எனும் புரதம் அது சுற்றப்பட்ட நூற்கட்டை. சில நொதியங்கள் சுற்றைத் தளர்த்தும். அங்குள்ள அலகுகள் வேலைசெய்யும். 'எச்டாக்' எனும் நொதியங்கள் சுற்றை இறுக்கும், அலகுகள் அடங்கும். நாம் உண்ணும் நார்ச்சத்தைக் குடல் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது பியூற்றிரேற் எனும் பொருள் உண்டாகிறது. அது எச்டாக்கின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் அழற்சியை அடக்கும் நோயெதிர்ப்புக் கலங்கள் பெருகுவதை 2013இல் எலிகளில் கண்டார்கள்.

அப்படியென்றால் எச்டாக்கைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கலாமே? எலிகளின் குடல் அழற்சி இத்தகைய மருந்துகளால் குறைந்தது உண்மை. வொரினோஸ்ரற் எனும் மருந்து 2006இல் அமெரிக்காவில் ஒருவகைத் தோற் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் இந்த நொதியங்கள் உடலெங்கும் உள்ளன. எல்லா இடத்திலும் தடுத்தால் களைப்பு, குருதிச் சிறுதட்டுக் குறைவு, ஏன் வயிற்றோட்டமே வரலாம்! குடலில் மட்டும் வேலைசெய்யும் மருந்தைத் தேடுகிறார்கள். குடல் அழற்சிக்கென அனுமதிக்கப்பட்ட எச்டாக் மருந்து இன்னும் இல்லை.

அடுத்த முறை அந்தத் தந்தை ஒரு போத்தல் பியூற்றிரேற் குளிசையுடன் வந்தார். மகனின் மருந்தை நிறுத்திவிட்டிருந்தார். மகனுக்கு இரத்தம் மீண்டும் போகத் தொடங்கியிருந்தது. இதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கடையில் வாங்கும் குளிசை வைத்தியத்துக்கு ஈடாகாது. அழற்சி அடங்காமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பெருங்குடற் புற்றுநோய் ஆபத்தும் கூடும்.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை:

• மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் வயிற்றோட்டம், எடை குறைதல், பிள்ளையின் வளர்ச்சி தடைப்படல் இருந்தால் உடனே குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள்.

• குரக்கன், சிவப்பரிசி, பயறு, கடலை, கீரை நல்லவை. ஆனால் நோய் மும்முரமாக இருக்கும்போதும், குடல் ஒடுங்கியிருந்தாலும் நார்ச்சத்து பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

• சுகமாக இருக்கிறதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்தத் தந்தைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அண்ணை, இது உங்கட பிழையுமில்லை, பிள்ளையின்ர பிழையுமில்லை. ஒளிக்கிற வருத்தமுமில்லை. மருந்தை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."