சிக்னல் இல்லாத மலையில் நகரும் நீலப் புள்ளி

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டிக் கொல்லிமலை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது. சில வளைவுகளில் அதுவும் போயிற்று. ஆனால் திரையில் இருந்த நீலப் புள்ளி மட்டும் பேருந்தோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே வந்தது. அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் புள்ளி வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. இணையமே இல்லாதபோது நான் எங்கே இருக்கிறேன் என்று போனுக்கு யார் சொல்வது?

வானம்தான். அமெரிக்க அரசு நடத்தும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 'இப்போது மணி இவ்வளவு, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று ஒவ்வொன்றும் ஓயாமல் அறிவிக்கிறது. அந்த அலை தரைக்கு வர, ஒரு நொடியில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு போதும். நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பு காதில் விழுந்தால், எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துப் போன் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுவிடும். பேச்சு ஒரு பக்கம்தான், திருவிழா ஒலிபெருக்கி போல. கேட்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. பேசும் வேகமோ நொடிக்கு 50 பிட். 'சென்னை' என்ற ஒரு சொல்லை அந்த வேகத்தில் அனுப்பினால் கிட்டத்தட்ட 3 நொடி ஆகும்!

இது புரிந்த பிறகுதான் பெருநிறுவன வரைபடத்தை விட்டு வெளியே வந்து பார்க்கும் துணிச்சல் எனக்கு வந்தது. புள்ளி எல்லோருக்கும் இலவசம். அதற்கு அடியில் விரிக்க ஒரு வரைபடம் கிடைத்தால் போதும்.

அந்த வரைபடத்தின் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் லண்டனில் மாணவராக இருந்த ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம் அந்நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தக் காசும் வேண்டும், அனுமதியும் வேண்டும். பார்த்து வரையவும் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து அளப்பது என்று முடிவு. ஜிபிஎஸ் கருவியோடு நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். சைக்கிள் போன தடமே சாலையின் கோடாயிற்று. 2006 மே மாதத்தில் சில பத்துப் பேர் ஒரு வார இறுதியில் பிரிட்டனின் வைட் தீவுக்குப் போய் அதன் சாலைகளைப் பதிவுசெய்து திரும்பினார்கள். இன்று இதில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

இந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இருப்பது புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள், தசமத்துக்குப் பின் ஏழு இலக்கம் வரை. ஏழாவது இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினால் புள்ளி தரையில் நகர்வது சுமார் 1 சென்டிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம். இவ்வளவு துல்லியமும் 8 பைட்டில் அடங்கிவிடுகிறது. 'சென்னை' என்று எழுதவே கணினிக்கு 18 பைட் வேண்டும். சென்னையில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கும் இடத்தைச் சொல்ல அதில் பாதிகூட வேண்டாம்.

கொல்லிமலை வளைவு ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேராக ஓடும் இடத்தில் புள்ளிகள் தள்ளித் தள்ளி. வளைவில் நெருக்க நெருக்கமாக, நன்றாகக் கட்டிய மல்லிகைச் சரம் போல. எந்த ஊரிலோ உட்கார்ந்து யாரோ ஒருவர் ஒவ்வொரு புள்ளியாக வைத்து இந்த வளைவைக் கட்டியிருக்கிறார். கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் முழு எண்ணை எழுதுவதில்லை. முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை மட்டும் எழுதுகிறார்கள். 'அதுக்கு அடுத்த வீடு' என்று நாம் வழி சொல்கிறோமே, அதே சிக்கனம். அதனால்தான் உலகம் முழுவதிலும் உள்ள 900 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் 100 ஜிபிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு 128 ஜிபி மெமரி கார்டில் பூமியை வைத்த பிறகும் இடம் மிஞ்சும்.

புள்ளியும் கோடும் எதைக் காட்டுகின்றன என்று சொல்வது குறிச்சொல். 'தரை: மண்', 'வகை: மரம்' என்பது போன்ற இரட்டைச் சொல் அது. இதற்கு மூடிய பட்டியல் கிடையாது. படிக்கட்டில் எத்தனை படி, சக்கர நாற்காலி ஏறுமா, பூங்கா பெஞ்சில் முதுகு சாயலாமா என்பது வரை எழுதிவைக்கிறார்கள். தமிழ்ப் பெயருக்கென்றே தனிக் குறிச்சொல் உண்டு.

சரி, வழி கண்டுபிடிப்பது? அதையும் கையிலிருக்கும் போனே செய்கிறது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில் தனக்கு நிச்சயமான பெண்ணோடு காபிக் கடையில் உட்கார்ந்திருந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பேனாவும் தாளும் இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் யோசித்த முறை அது. கிளம்பும் இடத்தில் மடையைத் திறந்துவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எல்லா வாய்க்காலிலும் ஒரே வேகத்தில் பாய்கிறது. சேருமிடத்தை முதலில் நனைத்த தண்ணீர் எந்த வழியாக வந்ததோ அதுவே குறுகிய வழி. ஆனால் சேலத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் மதுரைப் பக்கமும் வீணாகப் பாயுமே? 1968இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதற்கு ஒரு சரிவு கொடுத்தார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இலக்குக்கு நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் என்று பார்த்து, நெருங்கும் பக்கத்தை முதலில் நனைக்கும் முறை. இந்த இரண்டின் வாரிசுகள்தான் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளுக்குள் ஓடுகின்றன. மாநில வரைபடத்தை ஒருமுறை இறக்கிவைத்தால் போதும். நீங்கள் எந்த மருத்துவமனைக்கு வழி தேடினீர்கள் என்ற செய்தி போனை விட்டு வெளியேறத் தேவையே இல்லை.

ஒன்று மட்டும் கிடைக்காது: எந்தச் சாலை இப்போது நெரிசல் என்ற சிவப்புக் கோடு. அந்தக் கோடு எதிலிருந்து வருகிறது என்பதை 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் அழகாகக் காட்டினார். 99 போன்களை ஒரு கைவண்டியில் போட்டு பெர்லின் தெருக்களில் மெல்ல இழுத்துப் போனார். கூகுள் வரைபடத்தில் காலித் தெரு சிவந்தது. சாலையில் போகிற பலரும் தங்கள் நகர்வை அனுப்பிக்கொண்டே இருப்பதால் உண்டாகும் நிறம் அது. பெருநகரத்தில் தினம் வண்டி ஓட்டுகிறவருக்கு இது பெரிய இழப்புதான். கடை திறந்திருக்கும் நேரம், வீட்டு எண் போன்றவையும் நம் ஊர்ப் பக்கம் இந்த வரைபடத்தில் அரிது.

அரிது என்றால் சேர்க்கலாம். 2015 வெள்ளத்தில் சென்னைவாசிகள் தண்ணீர் தேங்கிய தெருக்களைத் தொட்டுத் தொட்டுக் குறித்தது இந்த வரைபடத்தின் மீதுதான். தெருக் கோடுகள் அங்கே முன்பே வரையப்பட்டிருந்ததால் அது முடிந்தது.

மலை இறங்கும்போது சாலையோரம் ஒரு அடிபம்பு. வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு அழுத்து அழுத்தினேன், தண்ணீர் வந்தது. கை நிறைய ஏந்திக் குடித்தேன், பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு புள்ளி வைத்து, 'அடிபம்பு' என்று தமிழில் பெயர் எழுதி, 'குடிக்கலாமா' என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டேன். சிக்னல் இல்லாததால் அது போனிலேயே காத்திருந்தது. நாமக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மேலே ஏறிவிட்டிருந்தது.