தரிசில் ஒரு வானம்பாடி

சோளம் அறுத்த காட்டில் விடியற்காலையில் போய் நின்றால் முதலில் எதுவும் கண்ணில் படாது. மண்கட்டி, அறுத்த கட்டை, நாலைந்து கல். கொஞ்சம் பொறுத்தால் ஒரு மண்கட்டி நகரும். அதுதான் சாம்பல் தலை வானம்பாடி.

ஊர்க்குருவியைவிடச் சற்றே சிறியது, 12 செ.மீ. இருக்கும். அலகு குருவியின் அலகேதான்: குட்டை, தடிப்பு, விதை உடைக்கத் தோதானது. பெட்டையைப் பார்த்துவிட்டு ஊர்க்குருவி என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு, அவர்கள்மேல் குற்றமில்லை. சேவலிடம் அந்தக் குழப்பம் வராது. உச்சந்தலை சாம்பல், கன்னம் வெளுப்பு, கண்ணை ஒட்டிய பட்டையும் அடிவயிறும் கறுப்பு. பெரும்பாலான பறவைகளுக்கு வயிறுதான் வெளுத்திருக்கும், இது தலைகீழ். ஆனால் தரையோடு ஒட்டிப் பதுங்கிவிட்டால் அந்தக் கறுப்பு மறைந்து, முதுகின் மண் நிறம்தான் மிஞ்சும். ஆள் வந்தால் பறப்பதைவிடப் பதுங்குவதையே இது நம்புகிறது.

கறுப்பை முழுதாகப் பார்க்க அண்ணாந்துதான் ஆகவேண்டும். கூடு கட்டும் காலத்தில் சேவல் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு 30 மீட்டர் வரைகூட ஏறும். பிறகு சிறகை ஒடுக்கித் தலைகுப்புற விழும். நடுவழியில் சட்டென்று நிமிர்ந்து கொஞ்சம் ஏறும், மறுபடி விழும். கூடவே நீண்ட சீழ்க்கை. தரையில் மோதப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது, ஏதோ ஒரு கல்மேல் ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும்.

கூடும் மண்ணில்தான். புல்தூரின் ஓரமோ மண்கட்டியின் ஓரமோ சிறு குழி, உள்ளே புல் மெத்தை, விளிம்பில் பொடிக்கற்கள். இரண்டு மூன்று முட்டைகள். அடைகாப்பதில் சேவலும் பங்கெடுக்கும்.

இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் நம் மண்தான். செஞ்சி வானம்பாடி என்று பிரெஞ்சுப் பயணி சொன்னரா எழுதியதை வைத்து, 1786இல் ஸ்கோபோலி இதற்கு லத்தீன் பெயர் சூட்டினார்.

இது கேட்பது வெட்டவெளி மட்டுமே. அடர்ந்த காட்டுப் பக்கம் தலைகாட்டாது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த வெட்டவெளிக்குப் பெயர் ‘தரிசு’. மரம் நடும் நல்லெண்ணக்காரர்கள் தேடி வருவதும் பெரும்பாலும் அதைத்தான். கடப்பாரையோடு வருகிறவர்கள் ஒரே ஒரு காலைப்பொழுது அங்கே குந்தியிருந்து பார்த்துவிட்டு, அப்புறம் குழி தோண்டுவதா என்று யோசிக்கட்டும்.