‘கொன்சொனான்த்தெர்’ என்றால் என்ன பொருள்?

லத்தீன் நூல்களைப் படிக்கத் தொடங்கினால் ‘கொன்சொனான்த்தெர்’ என்ற சொல் ஒருநாள் உங்கள் கண்ணில் படும். இது ஒரு வினையடை (செயல் எப்படி நடந்தது என்பதைக் காட்டும் சொல்). ‘கொன்’ என்றால் சேர்ந்து. ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். ஆக, ஒலிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி என்று அர்த்தம்.

அப்படியானால் எல்லாரும் ஒரே சுரத்தில் பாடுவதா?

இல்லை. அதற்கு ‘ஊனிசோனுஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. இங்கே சுரங்கள் வேறு வேறு. ஆனாலும் சேர்ந்து இழைகின்றன. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் இசை நூல் எழுதிய போயெத்தியுஸ், 2:1, 3:2, 4:3 போன்ற எளிய விகிதங்களில்தான் இந்த இசைவு பிறக்கிறது என்று விளக்கினார்.

அதைக் காதால் கேட்டு அறிய முடியுமா?

முடியும். நீங்கள் தம்புராவில் கேட்கும் ஸ–ப சேர்க்கை 3:2தான். ‘ஸ’ நொடிக்கு 240 அதிர்வு என்றால் ‘ப’ 360. ‘ப’ கொஞ்சம் ஏறி 362 ஆனால், நொடிக்கு நான்கு முறை ஒலி கூடிக் கூடிக் குறைவது கேட்கும் (இதை விம்மல் என்பார்கள்). விம்மல் அடங்கும்வரை தந்தியைத் தளர்த்துங்கள், சுருதி சேர்ந்துவிடும்.

பாட்டே இல்லாத இடத்தில் இச்சொல் வந்தால்?

அங்கே கருத்தொற்றுமை என்று கொள்ளுங்கள். கி.பி. 451-இல் கால்செதோனில் (இன்று இஸ்தான்புல்லின் ஒரு பகுதி) ஆயர்கள் கூடி, கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கோட்பாட்டை வகுத்தார்கள். தாங்கள் அனைவரும் அதை எவ்வாறு போதிக்கிறோம் என்பதைக் குறிக்க, அதன் லத்தீன் வடிவத்தில் இச்சொல்லே நிற்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘சிம்பொனி’யின் உறவுச் சொல். இரு மொழியிலும் இசையிலிருந்துதான் சொல்லை எடுத்திருக்கிறார்கள்.

தமிழில் எப்படி எழுதுவது?

‘இசைந்து’ என்று எழுதலாம். பாட்டுக்கும் பொருந்தும், உடன்பாட்டுக்கும் பொருந்தும். கோட்பாட்டு ஆவணமானால் ‘ஒருமித்த குரலில்’ என்பதும் சரியே. ‘ஒரே மாதிரியாக’ என்று மட்டும் எழுதாதீர்கள். பல குரல்கள் தத்தம் தன்மை மாறாமல் ஒத்துப்போவதுதான் இச்சொல்லின் உயிர்; அந்த மொழிபெயர்ப்பில் அது போய்விடும்.