செல்லப்பிராணிகளும் உளநலமும்

பரீட்சை நெருங்கும்போது மாணவர் பலர் உளநெருக்கீட்டுக்கு உள்ளாகின்றனர். அப்போது உடலில் கோட்டிசோல் எனும் ஓமோன் அதிகரிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாய், பூனைகளை 10 நிமிடம் தடவிக்கொடுத்த மாணவரின் உமிழ்நீரில் இவ்வோமோன் ஏனையோரைவிடக் குறைந்து காணப்பட்டது.

ஏனைய நன்மைகள்:

1. தனிமையுணர்வு குறைதல் – பிராணி நம் பெறுபேற்றைக் கேட்பதில்லை, குறை கூறுவதுமில்லை.
2. பொறுப்புணர்ச்சி வளர்தல் – வேளைக்கு உணவும் நீரும் வைப்பதால் நாளாந்த ஒழுங்கு ஏற்படும்.
3. சமூகத் தொடர்பு – நாயுடன் நடக்கையில் உடற்பயிற்சியும் அயலவர் பழக்கமும் கிடைக்கும்.

கவனிக்க: நாய், பூனைகளுக்கு விசர்நோய்த் தடுப்பூசி அவசியம். நீடித்த மனக்கவலைக்குப் பிராணி மட்டும் போதாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள்.

பரீட்சைக் குறிப்பு: ஒவ்வொரு நன்மையுடனும் அதற்கான காரணத்தையும் எழுதுக.