இரண்டு அங்குலக் குழலுக்கு ஒரு வரவு செலவு

அமெரிக்காவில் தற்காப்புக்கென்று சின்ன ரிவால்வர் வைத்திருப்பவர், கடையில் தோட்டாப் பெட்டியைத் திருப்பினால் முதலில் வேகத்தைத்தான் தேடுவார். அந்த எண் அவருடைய துப்பாக்கிக்கு உரியதல்ல. .38 ஸ்பெஷல் தோட்டாவின் வேகத்தை ஆலைகள் வழக்கமாக 4 அங்குலக் குழலில் அளந்து அச்சிடுகின்றன. பையில் அடங்கும் ஸ்மித் அண்ட் வெஸன் 642-இன் குழல் 1.875 அங்குலம். எடை 408 கிராம். கொள்வது 5 தோட்டா. குழல் குட்டையானால் வினாடிக்கு 50 முதல் 100 அடி வரை, சில வேளை அதற்கு மேலும், வேகம் போய்விடும்.

வேகம் போனால் என்ன? குழிமுனைக் குண்டு பட்டதும் விரிந்து மலர்வதற்கு வேகம் வேண்டும். மலர்ந்தால் மட்டும் போதாது, போதிய ஆழமும் போக வேண்டும். 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர் இருவர் இறந்தனர். அதன் பிறகு அந்த அமைப்பு வகுத்த அளவுகோல், சோதனை ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது. குட்டைக் குழலில் இரண்டு வகைத் தோல்வி உண்டு: துணியால் குழி அடைபட்டுக் குண்டு மலராமலே போகலாம், மலர்ந்தாலும் 12 அங்குலம் எட்டாமல் நின்றுவிடலாம். இதற்கென்றே செய்யப்பட்டது ஸ்பியர் நிறுவனத்தின் கோல்ட் டாட் தோட்டாவில் குட்டைக் குழல் வகை. 135 கிரெயின், அதாவது 8.75 கிராம் குண்டு. 2 அங்குலக் குழலிலேயே வினாடிக்கு 860 அடி (262 மீட்டர்). இது ‘பிளஸ் பி’ வகை: சாதாரண .38-க்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு என்ற அழுத்த வரம்பு இதற்கு 20,000.

அந்த வேகத்துக்கு விலை கொடுப்பது கை. மருந்துப் புகையின் பங்கை விட்டுவிட்டுக் குண்டை மட்டும் கணக்கில் எடுத்தாலே, 408 கிராம் துப்பாக்கி 6.4 ஜூல் ஆற்றலோடு பின்னால் உதைக்கும். அதே தோட்டாவை 550 கிராம் எடையுள்ள எஃகு ரிவால்வரில் போட்டால் 4.8 ஜூல். இனி 148 கிரெயின் வாட்கட்டரைப் பாருங்கள். காகித இலக்கில் வட்டமான ஓட்டை விழுவதற்காகத் தட்டை முனையோடு செய்த போட்டித் தோட்டா அது. குட்டைக் குழலில் வினாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகம் என்று வைத்தால், இலேசான 642-இலேயே உதை 4.5 ஜூல்தான். தோட்டாவை மாற்றினாலே எஃகுத் துப்பாக்கி வாங்கிய பலன் கிடைக்கிறது!

பறக்கும் ஆற்றலில் வாட்கட்டர் தோற்கும்: 192 ஜூல், கோல்ட் டாட்டுக்கு 300. ஆனால் அது மலர்வதை நம்பியிருப்பதில்லை, எனவே வழக்கமாக 12 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. குறியும் பெரிதாகத் தவறாது; சின்ன ரிவால்வரின் திருத்த முடியாத நிலைக் குறிகள் பெரும்பாலும் 158 கிரெயின் குண்டுக்கு அமைந்தவை, 148 அதற்கு அருகில்தான்; குண்டு இலேசாக ஆக அடி கீழே விழும்.

பணக் கணக்குக்கு வருவோம். கடைக்குக் கடை மாறும் விலையை ஓர் உத்தேசத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: தற்காப்புத் தோட்டா ஒன்று 1.40 டாலர், செம்பு உறையிட்ட பயிற்சித் தோட்டா 55 சென்ட், வாட்கட்டர் 70 சென்ட். துப்பாக்கியில் 5, பையில் 5. ஆண்டுக்கொரு முறை மாற்றினால் 14 டாலர். தேர்ந்த தோட்டா அந்தத் துப்பாக்கியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க 50: 70 டாலர். இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது. இலேசான ரிவால்வரின் உதையில், இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு உறையிலிருந்து நழுவி முன்னே வந்து சிலிண்டரையே பூட்டிவிடுவதுண்டு. நான்கு சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்து அளந்து பார்ப்பது அதற்காகத்தான். மாதம் 50 வீதம் பயிற்சிக்கு 600: 330 டாலர். ஆக 414.

இதில் எந்தத் தோட்டா வைத்துக்கொள்வது என்று மணிக்கணக்கில் விவாதிக்கப்படும் பகுதி 14 டாலர், நூற்றுக்குச் சுமார் 3.4தான். ஒரு நிறுவனத்தின் தோட்டா இன்னொன்றைவிட 50 சென்ட் கூடுதலென்றால், சோதனையை விட்டுவிட்டால், ஆண்டுக்கு 5 டாலர் வித்தியாசம். அதற்கா இத்தனை சண்டை?

வாட்கட்டரையே வைத்துக்கொண்டு அதிலேயே பயிற்சியும் செய்தால் 610 தோட்டா, 427 டாலர். கூடுதல் 13 டாலர். பயிற்சியில் சுடும் ஒவ்வொன்றும் இடுப்பில் இருப்பதே. 50 தோட்டாச் சோதனையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மணிக்கட்டு வலுவாக இல்லாதவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

குறை ஒன்று உண்டு. தட்டை முனை சிலிண்டர் துளையின் விளிம்பில் இடிக்கும். பதற்றத்தில் மீண்டும் நிரப்புவது சிரமம். அதனால் சிலர் துப்பாக்கியில் வாட்கட்டரும், தோட்டாக்களை வரிசையாகப் பிடிக்கும் ரப்பர் பட்டையில் கூம்பு முனைக் கோல்ட் டாட்டும் வைக்கிறார்கள். 20 தோட்டாப் பெட்டி ஒன்று வாங்கினால் பட்டைக்கு 5 போக மீதி 15, சோதித்துப் பார்க்க மூன்று சிலிண்டர். 28 டாலர்.